வயலெட் பொட்டு

எள்ளைத் தட்டில் கொட்டினால் ஒரு சத்தம் வருமே, அதைவிட மெல்லியது. தகரக் கூரையில் மழையின் முதல் நாலு துளி தயங்கித் தயங்கி விழுமே, அதைவிடவும் மெல்லியது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், இந்திராணியின் முழங்கை தட்டி இரண்டு எவர்சில்வர் மூடிகள் மேஜைமேல் கவிழ்ந்தபோது வந்த சத்தம். தலைக்கு மேலே புகையை இழுக்கும் விசிறி இரைந்துகொண்டிருந்தது, பக்கத்து மேஜையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. அவளுக்கு மட்டும் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், எழுந்து போகவே இல்லை. குழாயை மூடிய பிறகும் சொட்டுகிற கடைசிச் சொட்டில், தாளிக்க எடுக்கும்போது விரலிடுக்கில் நழுவுகிற நாலு கடுகில் அது திரும்ப வரும். வந்தால் அவள் கை அப்படியே நின்றுவிடும். அவள் வீட்டுக்காரர் நாதமுனி, "என்னம்மா, கரண்டு போயிடுச்சா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கடுகை எண்ணெயில் போடுவாள். இன்றைக்கு, பதினோரு மணி இருபது நிமிஷத்துக்கு, அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது. டிக். ட்வீசரின் நுனியிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் தெறித்து எங்கோ விழுந்தது.

ரவைக் குருணையில் பாதி இருக்கும் அது. இரண்டு முனையில் வெள்ளிப் பூச்சு, நடுவில் பழுப்பு. ரெசிஸ்டராக இருந்தால் முதுகில் எண் எழுதியிருக்கும், எங்கே விழுந்தாலும் எடுத்து இன்னார் என்று சொல்லிவிடலாம். கெப்பாசிட்டருக்கு எண் இல்லை, பெயர் இல்லை. நாடாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்வரைதான் அதற்கு அடையாளம், நாடாவைவிட்டு வந்தால் போச்சு, பத்து அளவும் இருபத்திரண்டு அளவும் ஒரே முகம். அதனால்தான் இந்தக் கம்பெனியில் கண்டிப்பான சட்டம்: தவறி விழுந்ததைத் தொடக்கூடாது, கழிவுப் புட்டியில் தள்ளிவிட்டு ஸ்டோரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும். சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம். திங்கட்கிழமை ஒரு சீட்டு எழுதினாள், கை தவறியது. புதன்கிழமை ஒன்று, கை தவறியது. இது மூன்றாவதாக இருக்கும். மூன்று சீட்டைச் சேர்த்துப் பார்த்தால் கை தவறியது என்றா படிப்பார்கள், கை நடுங்குகிறது என்று படிப்பார்கள், கண் போய்விட்டது என்று படிப்பார்கள். ஐம்பத்து நாலு வயது. போன மாதம்தான் வசந்தாவை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எழுப்பிப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை, அட்டைப் பெட்டி மடிக்க ஆள் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். வசந்தா இப்போது சாப்பாட்டு நேரத்தில் வேறு மேஜையில் உட்காருகிறாள். அதனால் இந்திராணி குனிந்து நீல விரிப்பைப் பார்த்தாள். ஒன்று கிடந்தது. அதற்கு ஒரு விரல்கடை தள்ளி இன்னொன்று கிடந்தது. நேற்றோ முந்தாநாளோ யாரோ விட்டது. எது தன்னுடையது? ஒன்று கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பு. மற்றது தேநீர்ப் பழுப்பு. அப்படித்தான் தெரிந்தது, விளக்கின் வெளிச்சமாகவும் இருக்கலாம். சாம்பலைக் கவ்வி எடுத்தாள். மற்றதைத் தூரிகையால் புட்டியில் தள்ளினாள். புட்டிக்குள் அதைப்போல் ஆயிரம் கிடந்தன, அதற்குப் பிறகு அதைக் கண்டுபிடிக்கத் தெய்வம்தான் வர வேண்டும். பிறகு சாம்பலைச் சர்க்யூட் போர்டில் அதன் இடத்தில் வைத்து, மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குள் ஒரு பக்கம் சூடு காட்டினாள். ஈயம் உருகி முகம் தெளிந்து பளிச்சென்றது. மறுபக்கமும் காட்டினாள். கெப்பாசிட்டர் தானாக ஒரு நெளி நெளிந்து நேராகி உட்கார்ந்துகொண்டது. எத்தனை லட்சம் தடவை பார்த்திருந்தாலும் அந்த நெளிவு அவளுக்குப் பிடிக்கும். தூக்கத்தில் குழந்தை புரண்டு தனக்கு வசதியான இடத்தைப் பிடிக்கிற மாதிரி. எல்லாம் முடிந்து ஈயம் உருக்கும் அயர்னைத் தாங்கியில் வைத்தபோதுதான் மனசு கேட்டது. சாம்பலா, தேநீரா?

அளந்து பார்க்கலாமே என்றால் போர்டில் ஒட்டியதை அளக்க முடியாது, மீட்டர் பக்கத்திலிருக்கிற சாமான்களையும் சேர்த்து அளந்து ஏதோ ஒரு கணக்குச் சொல்லும். கழற்றித்தான் அளக்க வேண்டும். இந்தப் போர்டு ஏற்கெனவே இரண்டு தடவை சூடு கண்டது, ஆறு போர்டுமே அப்படித்தான், போன வாரம் மெஷினில் தப்பாகப் போய் அவள் கைக்கு வந்தவை. மூன்றாவது தடவை சூடு காட்டினால் கீழே இருக்கிற செப்புத் தகடு பெயர்ந்து வந்துவிடும். வந்தால் போர்டு குப்பை, ஏனென்றால் இது ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமான், கம்பி ஒட்டி ஒப்பேற்றக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஊசிக்குழாயை மயிரிழை மயிரிழையாகத் தள்ளி, மருந்தை உடம்புக்குள் அனுப்புகிற பம்பு. ஆறும் ஒன்றரை மணிக்கு வண்டியேற வேண்டும். டெஸ்ட் மேஜையில் வைத்தால் தப்பான கெப்பாசிட்டராக இருந்தாலும் பாஸாகிவிடும், அது அவளுக்குத் தெரியும், அங்கே பத்து நிமிஷம்தான் ஓட்டுவார்கள். பத்து நிமிஷத்தில் எந்தக் குற்றம் வெளியே வந்திருக்கிறது. சூடேறி, நாளாகி, மூன்றாம் மாதம் ஏதோ ஓர் ஊரில், தள்ள வேண்டிய அளவைவிட ஒரு மயிரிழை கூடத் தள்ளும். அல்லது தள்ளாது. அல்லது ஒன்றுமே ஆகாது, ஏனென்றால் சாம்பல்தான் சரியானது. சரியானதுதான். அவள் கண் சொன்னது. இந்தக் கண்ணா? காலையில் பஸ்ஸின் போர்டில் நாற்பத்தேழா நாற்பத்தொன்றா என்று பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த பிரேமாவிடம் கேட்ட கண்ணா? பிரேமா. பிரேமா படிக்கட்டில் ஏறிக்கொண்டே திரும்பி, "உனக்கு சகாயம் விஷயம் தெரியுமாடி?" என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் சொன்னாள். கண்டக்டர் விசில் அடித்தார். அந்த வாக்கியத்தை இந்திராணி பஸ் ஸ்டாப்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அது அங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் போய் எடுத்துக்கொள்ளலாம்.

"இன்னாக்கா, போர்டுக்குள்ளயே பூந்துட்டியா? தலையே வெளில வரல," என்றாள் இடது பக்கத்து மேஜையிலிருந்து கற்பகம். கற்பகத்துக்கு முப்பத்தொரு வயது, வாய் ஓயாது, கையும் ஓயாது. "உள்ள இடம் இருந்தா சொல்லு, நானும் வரேன். வெளில ஏசி ஓடல." இந்திராணி சிரித்தாள், அல்லது சிரிக்கிற சத்தத்தைப் போட்டாள். ஐந்தாவது போர்டை இழுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். வைத்ததே தப்பு, இப்போது முடித்த நாலாவது போர்டு ட்ரேயில் இடது கை ஓரமாக இருந்தது, பார்க்காமலே அது இருப்பது தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி. ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸைத் தொட்டு வைத்தாள். அயர்ன் பட்டதும் வெள்ளையாக ஒரு நூல் புகை எழுந்து மூக்குக்கு வந்தது. குங்கிலிய வாசனை. அந்தப் பழைய கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே கூட வேலை செய்த சகாயமேரி சொன்னாள், "மூக்கை மூடாதடி, நல்லா இழுத்துப் பாரு, சர்ச்சுக்குள்ள நிக்கற மாதிரி இல்ல?" இந்திராணி அதுவரை எந்தச் சர்ச்சுக்குள்ளும் நின்றதில்லை. இழுத்துப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. சகாயமேரி மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். ஆறு வயது மூத்தவள், ஆனால் சிரிப்பு மட்டும் எல்லாருக்கும் இளையது. கண்கள் பருந்து. மைக்ரோஸ்கோப் எல்லாம் அந்தக் கம்பெனியில் கிடையாது, வட்டமான ஒரு கண்ணாடியும் விளக்கும் மட்டும்தான், அதைக்கூட அவள் ஒதுக்கிவைத்துவிட்டு வெறுங்கண்ணால் வேலை செய்வாள். அவள் வைத்த ஈயத்தைப் பார்த்தால் தெரியும், எல்லாம் ஒரே சரிவு, ஒரே பளபளப்பு. பின்னால் ஒரு நாள் மேனேஜரிடம், என் சால்டர் எனக்குத் தெரியாதா சார் என்று அவள் கேட்டது அதனால்தான். அதைக் கேட்டபோது அவள் குரலில் கோபம் இல்லை. தன் குழந்தையைத் தெரியாதா என்று ஒருத்தி கேட்பதுபோல ஆச்சரியமாகக் கேட்டாள். வேண்டாம். ஐந்தாவது போர்டு. ஐந்தாவது போர்டில் நாலு இடம். ஒன்று.

அந்தக் கம்பெனியில் பார்கோடு ஸ்டிக்கர் எல்லாம் இல்லை. யார் செய்த போர்டு என்று தெரிய, வேலை முடிந்ததும் பின்பக்க ஓரத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். மார்க்கர் மசி ஃபிளக்ஸில் அழிந்துபோகும் என்று யாரோ கண்டுபிடித்து, நெயில் பாலிஷால் வைக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு நிறம். இந்திராணி ரோஸ். பிரேமா சிவப்பு, அவள் மட்டும் கம்பெனி பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போய் நகத்துக்கும் போட்டுக்கொண்டு வருவாள். சகாயமேரி வயலெட். பண்டிகை முடிந்து வந்தால் பொட்டு வைக்கிற நேரம் பெரிய கேலியாக இருக்கும், "என் பொண்ணுக்குப் பொட்டு வச்சாச்சு, மாப்பிள்ளை எங்கடி?" என்று போர்டைத் தூக்கிக் காட்டுவார்கள். தூரிகை நுனியில் ஒரு துளி, தொட்டு எடுத்தால் வட்டமாக நிற்கும். அந்த வெள்ளிக்கிழமை ரோஸ் பாட்டிலைத் திறந்தால் உள்ளே பசையாக இறுகிக் கிடந்தது. சகாயமேரி மாத முதல் வெள்ளி என்று பர்மிஷன் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கே சர்ச்சுக்குப் போயிருந்தாள். இந்திராணி அவள் இழுப்பறையை இழுத்து வயலெட்டை எடுத்து, ஒன்பது போர்டுக்கும் வைத்து, பாட்டிலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டாள். ஒரு பாட்டில்தானே. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைத்தாளா? நினைத்திருப்பாள். இத்தனை வருஷமாக, நினைத்தேன் என்றே சொல்லிச் சொல்லி, உண்மையில் நினைத்தது எது, பிறகு போட்டுக்கொண்டது எது என்று பிரிக்க முடியவில்லை. அதுவும் நாடாவைவிட்டு வெளியே வந்த சாமான். ஏனென்றால் பொட்டு வைத்தது நாலரை மணிக்கு. மூடிகள் கவிழ்ந்தது இரண்டரை மணிக்கு. இரண்டு மூடிகளிலும் நாடாவிலிருந்து உதிர்த்து வைத்திருந்த கெப்பாசிட்டர்கள், ஒன்றில் பத்து, ஒன்றில் இருபத்திரண்டு. கொட்டிக் கலந்தவற்றை அவள் வாரி எடுத்து, நிறத்தைப் பார்த்து, இது சாம்பல், இது தேநீர் என்று பிரித்து, திரும்ப இரண்டு மூடியிலும் போட்டு, அவற்றை எடுத்து ஒன்பது போர்டும் செய்து முடித்திருந்தாள். பாட்டிலை எடுத்தபோது அது அவளுக்குத் தெரியும்.

அவை கடிகாரப் போர்டுகள். ஆலைகளில் நேரத்துக்குச் சங்கு ஊதுவதற்கான கடிகாரம். பத்து நிமிஷச் சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடின. தெற்கே ஒரு நூற்பாலையில் மாட்டியது மட்டும் மாதம் நாலு நிமிஷம் பின்தங்கியது. முதல் மாதம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் ஷிப்டு விடுகிற சங்கு எட்டு நிமிஷம் தாமதமாக ஊத, ஆலைக்காரர்கள் வேண்டுமென்றே எங்களிடம் எட்டு நிமிஷம் திருடுகிறார்கள் என்று தொழிலாளிகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, கம்பெனியிலும் முதலில் சிரித்தார்கள். பிறகு போர்டு திரும்பி வந்தது. அப்போது செக்கிங்கில் இருந்த தணிகாசலம் அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பினார். "வயலெட்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் பேரில் குற்றம் இல்லை, அவர் வேலை பொட்டைப் பார்த்து நிறத்தைச் சொல்வது. ஆறு பேரை நிரந்தரமாக்குகிற பட்டியல் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. இந்திராணியின் பெயர் ஆறாவது என்று பேச்சு. சகாயமேரி மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, நேரே கை கழுவுகிற குழாய்க்கு வந்து, பக்கத்தில் நின்று, "இந்திரா, ஒண்ணு கேக்கறேன். என் பாட்டிலை நீ எடுத்தியா?" என்றாள். இந்திராணி குழாயைத் திருகினாள். "இல்லக்கா." சொட்டு. சொட்டு. "சரி," என்றாள் சகாயமேரி. சனிக்கிழமை கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பியபோது இழுப்பறையைக் காலி செய்து, வயலெட் பாட்டிலை இந்திராணியின் மேஜைமேல் வைத்து, "எனக்கு எதுக்கு இனிமே, நீ வச்சுக்க. உன்னுதுதான் காய்ஞ்சுபோச்சே," என்றாள்.

உன்னுதுதான் காய்ஞ்சுபோச்சே. ரோஸ் காய்ந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மேஜைமேல் கிடந்ததைப் பார்த்திருக்கலாம். இந்திராணியே எப்போதாவது சொல்லியிருக்கலாம், தினம் நூறு விஷயம் பேசுவார்கள். அல்லது எல்லாம் தெரிந்துதான் வைத்தாள். தெரிந்து வைத்தாளா, தெரியாமல் வைத்தாளா? தெரியாமல் வைத்தாள் என்றால் அவள் நம்பினாள், நம்பியவளை ஏமாற்றினாள் இவள். தெரிந்து வைத்தாள் என்றால் அந்தச் சரி, அந்தப் பாட்டில், எல்லாம் வேறு. அது மன்னிப்பா? அடியா? இரண்டும் ஒரே முகம், மேலே எண் எழுதவில்லை. சமைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, நாதமுனி பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோதுகூட இதே கேள்வி. அப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு பம்பு நின்றது. சின்னதாகப் பச்சை விளக்கு. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவள் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கேட்டாள், "என்னம்மா அதையே பாக்கறீங்க, அது ஒண்ணும் பண்ணாது." உள்ளே ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருத்தி குனிந்து மூச்சைப் பிடித்து வைத்த ஒரு பழுப்புக் குருணை இருக்கிறது, அவளுக்கு அன்றைக்குக் கை தவறியிருக்கக் கூடாதே, அதை எடுத்து வைத்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டதை எந்த நர்ஸிடம் சொல்வது. அவர் பிழைத்தார். இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், வலது கை கொஞ்சம் தாமதமாக வரும், நாலு நிமிஷம் பின்தங்கிய கை. அந்தப் பம்பைச் செய்தவள் யாரோ, ஒழுங்காகச் செய்தாள். போய்ப் பார்த்து நேரில் கேட்டுவிடுவது என்று எத்தனை தடவை கிளம்பினாள். பட்டாபிராமில்தான் சகாயமேரி வீடு, எட்டு ஸ்டேஷன்கூட இல்லை. ஒரு தடவை ஸ்டேஷனில் இறங்கி, வெளியே வந்து, பூக்காரியிடம் வழி கேட்டு, பூ வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்தாள். என்னவென்று கேட்பது? அக்கா, உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால்? தெரியாது என்றால்? அடுத்த பொங்கலுக்குள் போய்விடலாம். அடுத்த பொங்கல் என்று எத்தனை பொங்கல். காலையில் பிரேமா படிக்கட்டில் நின்று. விசில்.

"அக்கா, அஞ்சாவதுல ஒரு பக்கம் ஈயமே வைக்கல பாரு," என்றாள் கற்பகம். எட்டிப் பார்த்திருக்கிறாள், பார்வை அப்படி. "தூங்கறியா? மாமாகூட ராத்திரி சண்டையா?" "வாயை மூடிக்கிட்டு உன் வேலையப் பாருடி." "வாயை மூடினா எனக்குக் கை ஓடாதுக்கா, டாக்டர் சொல்லியிருக்காரு." இந்திராணி ஐந்தாவதைத் தள்ளிவைத்தாள். நாலாவதை இழுத்து லென்ஸுக்கு அடியில் கொண்டுவந்தாள். பெரிதாகி எழுந்து வந்தது, பச்சை வயல், நடுவில் ஒரு பழுப்புப் பெட்டி, இரண்டு பக்கமும் வெள்ளிச் சரிவு. அழகாகத்தான் வைத்திருந்தாள். பார்க்கப் பார்க்கச் சாம்பல். கண்ணைச் சிமிட்டினால் தேநீர். வலது மணிக்கட்டில் கட்டிய பட்டையிலிருந்து சுருள் வயர் மேஜைக்குப் போய், மேஜையிலிருந்து பூமிக்குப் போகிறது, உடம்பில் சேருகிற மின்சாரத்தை இறக்கிவிட. தெரியாமல் சேருகிறதெல்லாம் இறங்கிவிடும் என்று முதல் நாள் பாடம். எல்லாம் இறங்குவதில்லை. மணி பன்னிரண்டு ஐந்து. மேஜை ஓரத்தில் மூன்று விளக்குப் பொத்தான்கள். பச்சை, வேலை நடக்கிறது. மஞ்சள், சாமான் வேண்டும். சிவப்பு, தப்பு நடந்திருக்கிறது, வாருங்கள். இங்கே வந்த பதினாறு வருஷத்தில் அவள் சிவப்பைத் தொட்டதில்லை. தொட்டால் தலைக்கு மேலே எரியும், ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். விட்டுவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கிறவர்கள்கூட இல்லை, குழாயடியில் வந்து நின்று கேட்க ஆளில்லை. கேட்டால் இல்லக்கா என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்காமலே சொல்லலாம். யாரிடம்? யாரிடமாவது. விரல் பொத்தானுக்குப் போய் நின்றது. அந்த நேரம் கை நடுங்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

தலைக்கு மேலே சிவப்பு எரிந்ததும் கற்பகம் வாயை மூடிக்கொண்டாள். எஞ்சினியர் மதுவந்தி கோட்டுப் பையில் கையை விட்டபடி வேகமாக வந்தாள், இருபத்தாறு வயது, காலையிலிருந்து அந்த ஆறு போர்டுக்காகப் போனில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறவள். "என்னக்கா?" "நாலாவது போர்டு மேடம். கீழ விழுந்ததை எடுத்து வச்சுட்டேன். ரெண்டு கிடந்தது. எதுன்னு சந்தேகம்." மதுவந்தி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "டெஸ்ட் பண்ணிடலாம். பாஸ் ஆனா விட்டுடலாம்க்கா, இன்னிக்குப் போயே ஆகணும்." "டெஸ்ட்ல தெரியாது மேடம். உங்களுக்கே தெரியும்." மதுவந்தி அவளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்தான். "எடுங்க," என்றாள். இந்திராணி இரண்டு அயர்னையும் இரண்டு கையில் எடுத்தாள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், ஈயம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெளிய வேண்டும், அந்தக் கணத்தில் தூக்க வேண்டும். தொட்டாள். புகை. குங்கிலியம். தெளிந்தது. தூக்கினாள். கெப்பாசிட்டர் வந்தது. அதோடு, வலது பக்கத்தில், நகத்தோல் உரிந்து வருகிற மாதிரி செப்புத் தகடும் வந்தது. மதுவந்தி லென்ஸில் பார்த்தாள். கவ்வி மாதிரி இருக்கும் மீட்டரால் அந்தக் குருணையைப் பிடித்தாள். எண் ஓடி நின்றது. இருபத்திரண்டு. சரியானது. சாம்பல்தான் சரியானது. "இது கரெக்ட்தானேக்கா," என்றாள் மதுவந்தி. "கரெக்ட்டா இருந்ததை எடுத்து ஒரு போர்டைக் கொன்னுட்டோம். சந்தேகத்துக்கு ஒரு போர்டு." பிறகு, கொஞ்சம் தணிந்து, "எதுக்குக்கா ஸ்டோர்ல கேக்காம கீழேந்து எடுத்தீங்க?" இந்திராணி, "மூணாவது சீட்டு மேடம்," என்றாள். மதுவந்திக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "திங்கட்கிழமைலேந்து இங்க கற்பகம் உக்காரட்டும்," என்று சொல்லிவிட்டு, மீதி இரண்டை முடிக்கக் கற்பகத்தின் மேஜையில் வைத்துவிட்டு, முடிந்த மூன்று போர்டுகளோடு போனாள்.

சரியானது என்று தெரிந்ததும் நிம்மதி வரும் என்று எங்கோ ஒரு மூலையில் இந்திராணி எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் அன்றைக்கும் கண் நன்றாக இருந்திருக்குமே, அன்றைக்குப் பிரித்ததில் எத்தனை சரி, எத்தனை தப்பு, ஒன்பதில் எட்டு கடிகாரம் சரியாக ஓடியிருக்கலாமே, ஒன்றே ஒன்றுதானா. மனசு திரும்ப அங்கேயே போய் நின்றது. கற்பகம் மெதுவாக, "அக்கா, நான் கேக்கலக்கா இந்த எடத்தை. சத்தியமா," என்றாள். "தெரியும்டி. லென்ஸை மட்டும் தினம் தொடச்சு வையி." குப்பைக்குப் போகிற போர்டுக்கான தாளை எடுத்துக்கொண்டு தணிகாசலம் வந்தார். பழைய கம்பெனி மூடியபோது அவரும் அவளும் பிரேமாவும்தான் இங்கே வந்தார்கள். பிரேமா போன வருஷம் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். இப்போது அவர் லைன் சூப்பர்வைசர், தலை முழுக்க நரை, அடுத்த வைகாசியில் ஓய்வு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காரணம்னு என்னம்மா எழுத?" "கீழ விழுந்ததை எடுத்து வச்சேன்னு எழுதுங்க சார்." "அப்படிப் போட்டா உனக்குத்தான் கெட்ட பேரு. கை தவறிடுச்சுன்னு போடறேன்." "நடந்ததை எழுதுங்க சார்." அவர் எழுதினார். பழைய கம்பெனியில் பிடித்த மாதிரியே பேனாவை நுனியில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. "சார், சகாயமேரி ஞாபகம் இருக்கா?" "சகாயம்? மாசத்து மொத வெள்ளிக்கிழமை ஆனா பர்மிஷன் கேட்டு வந்து நிக்குமே, அதுதானே? ஏன் இல்லாம." "அந்தச் சங்குக் கடிகாரப் போர்டு சார், மில்லுலேந்து திரும்பி வந்துச்சே. அதுல இருந்த வயலெட் பொட்டு நான் வச்சது. அவங்க பாட்டிலை எடுத்து நான்தான் வச்சேன். போர்டும் நான் பண்ணினது."

தணிகாசலம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது, உண்மையாகவே தேடினார், பழைய இழுப்பறை ஒன்றைக் கையை விட்டுத் துழாவுவதைப்போல நேரம் எடுத்துக்கொண்டு தேடினார். "எந்தப் பொட்டும்மா?" என்றார். "நெயில் பாலிஷ் வப்பீங்க, அது ஞாபகம் இருக்கு. மில்லு சங்கு லேட்டா ஊதிச்சுன்னு ஒரு கூத்து, அதுகூட ஞாபகம் இருக்கு. கலரெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கும், இத்தனை வருஷம் கழிச்சு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அந்தப் பொண்ணு தானா நின்னுக்கிச்சு, கல்யாணமோ என்னவோ," என்றார். கல்யாணம் அதற்கு முன்பே ஆகியிருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. தணிகாசலம் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். "வாக்கா, புளிச்சாதம் கொண்டாந்திருக்கேன்," என்றாள் கற்பகம். இந்திராணி மணிக்கட்டுப் பட்டையின் கிளிப்பைக் கழற்றினாள். அயர்னின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்தாள். சுர் என்றது. செப்புத் தகடு பெயர்ந்த போர்டு லென்ஸுக்கு அடியிலேயே இருந்தது. விளக்கை அணைத்தாள்.

சகாயமேரி அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்கும் வேலைக்குப் போகவில்லை. பட்டாபிராமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் ஆயாவாக இருந்தாள், போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனாள், பிரேமா படிக்கட்டில் சொன்ன வாக்கியம் அதுதான். கடைசிவரை அவள் கண்ணாடி போட்டதில்லை. தெருவில் ஊசிக்கு நூல் கோர்க்க வேண்டியவர்கள் அவளிடம்தான் வருவார்களாம்.